ஜமீலாக்கா இறந்த நாளில் ஓர் எதிருரை

காலையில் பால் பாக்கெட்டை வெட்டிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. ஜமீலாக்காவின் மகன். "சின்னம்மா, அம்மா மவுத்தாயிட்டாங்க" என்றான். விடியற்காலை சுபுஹு தொழுதுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டாராம். பக்கத்து வீட்டு டாக்டர் வந்து கையைப் பிடித்துப் பார்த்துவிட்டுப் போய்விட்டாராம். "மத்தியானம் லுஹருக்கு எடுத்தர்றோம். சீக்கிரம் வந்துருங்க" என்றான். "வாரேன் சாமி" என்று சொல்லி போனை வைத்தேன்.

வைத்த அடுத்த நொடி என் நினைவுக்கு வந்தது அவருடைய முகம் இல்லை. அன்றைய தேதிதான் வந்தது. எங்கள் கட்சிக்காரி பூங்கொடியின் வழக்கில் எதிருரை கொடுக்க நீதிபதி கொடுத்திருந்த கடைசி வாய்ப்பு அன்றைக்கு. இதை எழுத எனக்கு வெட்கமில்லை. ஜமீலாக்கா என்னுடைய இடத்தில் இருந்திருந்தால் அவருக்கும் முதலில் அதுதான் வந்திருக்கும், என் முகம் அப்புறம்தான்.

கொஞ்ச நேரத்தில் நம் வக்கீல் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது. "நம் சங்கத்தின் மூத்த உறுப்பினர் திருமதி ஜமீலா பானு அவர்களின் மறைவுக்கு மரியாதை செலுத்தும் விதமாக இன்று ஒருநாள் நீதிமன்றப் பணிகளிலிருந்து விலகி இருப்போம்." அதன் கீழே வரிசையாகக் கூப்பிய கைகள், வாடிய ரோஜாக்கள். ஒருவர் கூட "இன்றைக்குக் கெடு உள்ள வழக்குகளுக்கு என்ன செய்வது" என்று கேட்கவில்லை. ஒரு மனுஷி வாழ்நாள் முழுக்க எதைப் பார்த்தால் கொதித்துப் போனாளோ, அதையே அவளுக்கு மரியாதை என்று செய்கிறீர்கள்.

நினைவு மலருக்கு இரண்டு பக்கம் எழுதிக் கொடுங்கள், நீங்கள்தானே அவருடன் ஒரே அறையில் இருந்தவர், நல்ல விதமாக எழுதுங்கள் என்று கேட்டீர்கள். இரண்டு பக்கத்தில் அடங்காது. நல்ல விதமாக எழுதவும் எனக்கு இப்போது வராது. கோபமாகத்தான் வரும். படித்துக்கொள்ளுங்கள்.

ஜமீலாக்காவின் அத்தா சங்ககிரியில் லாரிகளுக்குத் தார்ப்பாய் தைக்கும் கடை வைத்திருந்தார். டிரைவர்களும் கிளீனர்களும் போடுகிற சத்தத்துக்கு நடுவே வளர்ந்த பெண், மெதுவாகப் பேசக் கற்றுக்கொள்ளவே இல்லை. நீதிபதியின் முன் குரலைத் தாழ்த்துகிறேன் என்று அவர் பேசுவது வராந்தாவில் நிற்கிறவர்களுக்குத் தெளிவாகக் கேட்கும். எங்கள் அறையில் இரண்டு மேசை, ஒரு மின்விசிறி. அது யார் பக்கம் திரும்ப வேண்டும் என்று தினமும் சண்டை. தொழுகைக்குப் போகும்போது மட்டும் என் பக்கம் திருப்பி வைத்துவிட்டுப் போவார். வந்ததும் ஒரு வார்த்தை சொல்லாமல் தன் பக்கம் திருப்பிக்கொள்வார்.

அவருக்குக் கோபம் வருவதற்கு ஒரே ஒரு காரணம் போதும். எதிருரை போடாமல் வாய்தா கேட்பது. இந்த மலரை அவருடைய கட்சிக்காரர்களும் படிப்பார்கள் என்பதால் இதைச் சொல்லிவிடுகிறேன். ஒருவர் மேல் சிவில் வழக்குப் போட்டால், சம்மன் கையில் கிடைத்த முப்பது நாளுக்குள் அவர் தன் பதிலை, அதாவது எதிருரையை, எழுத்தில் கொடுக்க வேண்டும். காரணம் சொன்னால் தொண்ணூறு நாள் வரை நீதிமன்றம் பொறுத்துக்கொள்ளும். அதன் பிறகு பொறுப்பதும் பொறுக்காததும் நீதிபதியின் மனது. பதில் இல்லை என்றால் வழக்குப் போட்டவர் சொன்னதையே வைத்து ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பு எழுதிவிடலாம். இதில் புரியாதது எதுவும் இல்லை. ஆனால் வக்காலத்தில் கையெழுத்து வாங்கி முன்பணமும் வாங்கிய பிறகு, அந்தப் பதிலை எழுத நம்மில் பலருக்குக் கை வருவதில்லை.

ஒருநாள் நம் இளைய உறுப்பினர் ஒருவர் எதிருரைக்கு மறுபடியும் வாய்தா வாங்கிக்கொண்டு வெளியே வந்தார். ஜமீலாக்கா வராந்தாவில் மறித்துக்கொண்டார்.

"ஏங் கண்ணு, கட்சிக்காரன் உங்கிட்ட வந்து எத்தனை மாசமாச்சு?"

"ரெண்டு மாசம் இருக்குங்க்கா. இன்னும் டைப்புக்குக் கொடுக்கலை."

"உன்ற மச்சினன் கல்யாணத்துக்கு பஸ் ஸ்டாண்டுல பேனர் வெச்சிருந்தியே, அதுல எழுத்தெல்லாம் நேரத்துக்கு வந்துருச்சே? ஒரு ஒறமொறை பேரு உடாம போட்டிருந்தியே?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அந்தப் பையனும் சிரித்தான். ஜமீலாக்கா சிரிக்கவில்லை. அன்று சாயங்காலம் அவனை எங்கள் அறைக்கே வரச்சொல்லி, உட்கார வைத்து, எழுதி முடிக்கும்வரை எழுந்திருக்க விடவில்லை.

அவருடைய கோபம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். நான் அந்த அறைக்கு வந்த புதிதில் அவரே சொன்னார். சேந்தமங்கலம் பக்கம் ஒரு வீட்டைக் காலி செய்ய கோர்ட் அமீனா போலீசோடு வந்துவிட்டார். வீட்டுக்காரர்கள் பதறிப்போய் யாரோ சொன்னதைக் கேட்டு இவரைக் கூப்பிட்டிருக்கிறார்கள். இவர் போய்ச் சேர்ந்தபோது பாதிச் சாமான் தெருவில். வழக்குக் கட்டைப் பார்த்தால் ஒருதலைப்பட்சத் தீர்ப்பு. அவர்களுடைய வக்கீல் வக்காலத்து மட்டும் போட்டுவிட்டு எதிருரையே கொடுக்கவில்லை. அடுப்பில் சோறு வெந்துகொண்டிருந்ததாம். அடுப்பைப் பானையோடு தூக்கி வந்து தார் ரோட்டில் வைத்தார்களாம். பிள்ளைகளுக்குப் பசி. அந்த வீட்டுப் பெண் ரோட்டிலேயே உட்கார்ந்து கஞ்சியை வடித்தாளாம்.

ஜமீலாக்கா அங்கிருந்து நேரே அந்த வக்கீலின் அறைக்குப் போயிருக்கிறார். அவர் டீ வரவழைத்துக் கொடுத்து, "டென்ஷன் ஆகாதீங்க்கா, ஒரு மனு போட்டா ரத்து பண்ணிரலாம்" என்றாராம். இவர் டீயைத் தொடவில்லை. "மனு போட்டா தீர்ப்பு ரத்தாகும். ரோட்டுல வடிச்ச கஞ்சி ரத்தாகுமா?" என்று கேட்டுவிட்டு எழுந்து வந்துவிட்டார். மனுவை இவரேதான் போட்டார். அது விசாரணைக்கு வருவதற்குள் வீடு வேறு ஒருவர் கைக்குப் போய்விட்டது.

இனி பூங்கொடி. அவள் என் ஊர், வெண்ணந்தூர். எங்கள் ஆட்கள் தறிக்காரர்கள். பூங்கொடி வீட்டை ஒட்டிய பட்டறையில் நாலு விசைத்தறி ஓட்டுகிறாள். கணவர் இறந்துவிட்டார். பள்ளிக்கூடம் போகிற ஒரு மகள். அந்த வீடும் பட்டறையும் அவளுடைய மாமனார் காலத்துச் சொத்து. கணவரின் அண்ணன் அவள் மேல் வழக்குப் போட்டார். "தம்பி உயிரோடு இருக்கும்போதே ரொக்கமாகப் பங்கை வாங்கிக்கொண்டு வாய்வார்த்தையாகப் பிரிந்துவிட்டான், வீடும் பட்டறையும் என்னுடையது, தம்பி மனைவி என் தயவில் குடியிருக்கிறாள், காலி செய்து கொடுக்க வேண்டும்" என்பது வழக்கு. தம்பி ஒரு காசும் வாங்கவில்லை. அது பூங்கொடிக்குத் தெரியும், ஊருக்குத் தெரியும், வழக்குப் போட்டவருக்கு எல்லாரையும்விட நன்றாகத் தெரியும்.

சம்மன் வந்ததும் அவள் நம் சங்கத்தின் மூத்தவர் ஒருவரிடம் போய் வக்காலத்துக் கொடுத்தாள். அவரை அவள் "பெரிய வக்கீலு" என்றுதான் சொல்வாள். நானும் அப்படியே எழுதுகிறேன். பெயர் வேண்டாம். உங்கள் எல்லோருக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

அதற்குள் ஊர்ப் பெரியதனக்காரர் நடுவில் வந்தார். குடும்பச் சண்டை கோர்ட்டுக்குப் போனது ஊருக்கே அசிங்கம், பண்டிகை முடியட்டும், உட்கார்ந்து பேசிக்கொள்ளலாம் என்றார். எங்கள் பக்கம் இப்படிப் பேச்சு ஆரம்பிக்கும்போது ஒரு வழக்கம் உண்டு. இரண்டு தரப்பும் கோயில் வாசலில் கற்பூரம் ஏற்றி, பேச்சு முடியும்வரை ஒருத்தர் மேல் ஒருத்தர் புதிதாக எதுவும் செய்வதில்லை என்று சத்தியம் செய்ய வேண்டும். இந்தத் தடவை சத்தியம் இப்படி அமைந்தது: "இன்னிக்கிருந்து ரெண்டு பேரும் கோர்ட்டுல ஒரு எழுத்துக்கூட எழுதிக் கொடுக்கறதில்லை." கேட்பதற்கு இரண்டு பேருக்கும் சமமாகத்தான் இருக்கிறது. ஆனால் அண்ணன்காரர் தான் எழுத வேண்டியதை ஏற்கெனவே எழுதிக் கொடுத்துவிட்டார். இனி எழுத வேண்டியவள் இவள் ஒருத்திதான்.

பூங்கொடி கற்பூரத்தின் மேல் கை வைத்துச் சத்தியம் செய்தாள். பெரிய வக்கீலிடம் போய்ச் சொன்னாள். அவர் என்ன சொல்லியிருக்க வேண்டும்? "பேசறதைப் பேசுங்க, எதிருரையை நான் போட்டு வெச்சிர்றேன்" என்று ஒரு வார்த்தை. அவர் சொன்னது, "நல்லதாப் போச்சும்மா. நான் வாய்தா வாங்கிக்கிறேன்." அவருக்கு ஒரு எழுத்து வேலை மிச்சம்.

ஒரு சீருக்கு ஊருக்குப் போனபோதுதான் எனக்கு இது தெரிந்தது. பூங்கொடி பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்து பெருமையாகச் சொன்னாள். "நாங்க ஒண்ணும் எழுதிக் கொடுக்கலீங்க்கா. சாமி சத்தியத்தைக் காப்பாத்தீட்டு இருக்கறோம்." முப்பது நாள் எப்போதோ போய்விட்டது. தொண்ணூறும் முடியப் போகிறது. அண்ணன்காரர் மட்டும் வாய்தா தவறாமல் போய் நீதிமன்றத்தில் நின்றுகொண்டிருந்தார்.

மறுநாள் ஜமீலாக்காவிடம் சொன்னேன். எழுதிக்கொண்டிருந்தவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "அவன் எழுதவேண்டியதை எழுதிப்போட்டுத்தான் கற்பூரத்தைக் கொளுத்தியிருக்கறான். கெளம்பு" என்றார். நேரே ஊருக்கு, பெரியதனக்காரர் வீட்டுக்குப் போனோம்.

பெரியதனக்காரர் எனக்கு ஒரு வகையில் பெரியப்பா முறை. மரியாதையாகத்தான் வரவேற்றார். கலர் சோடா வாங்கி வரச் சொன்னார். "பொம்பளைப் புள்ளை வழக்கை ஊருக்குள்ள பேசித் தீர்க்கறதுதானுங்கம்மா அழகு" என்றார்.

"தாராளமாத் தீருங்க. நான் வேண்டாங்கலை" என்றார் ஜமீலாக்கா. "அவரு போட்ட வழக்கை மொதல்ல வாபஸ் வாங்கச் சொல்லுங்க. அதுவும் எழுத்துதானுங்களே?"

"அது சத்தியத்துக்கு முன்னாடி போட்டதுங்க."

"வாய்தாவுக்கு வாய்தா கோர்ட்டுல போய் நிக்கறாரே, அது முன்னாடியா, பின்னாடியா?"

அவர் மேல்துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். அப்புறம் சொன்னார்: "நீங்க வேற ஆளுங்க. எங்க கோயில் சத்தியமெல்லாம் உங்களுக்குப் புரியாதுங்க."

நான் வாயைத் திறக்கப் போனேன். ஜமீலாக்கா என் கையைப் பிடித்து அமர்த்தினார். அவர் வாழ்க்கையில் மெதுவாகப் பேசி நான் கேட்டது அந்த ஒரு முறைதான். "அல்லா மேல பண்ணினா எனக்குப் புரியுங்க. மாரியாத்தா மேல பண்ணினா உங்களுக்குப் புரியும். ஒருத்தி ஊட்டைப் புடுங்கறதுக்குச் சாமியைக் காவலுக்கு நிறுத்துனா, அது ரெண்டு பேருக்குமே புரியோணுங்க."

கலரைக் குடிக்காமல் எழுந்தோம். அன்றிலிருந்து பெரியப்பா எங்கள் வீட்டு விசேஷங்களுக்கு வருவதில்லை. வராமலே இருக்கட்டும்.

பெரியதனக்காரரைக் கூடச் சமாளித்துவிடலாம். பூங்கொடியைச் சமாளிப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. தறிகள் ஓடிக்கொண்டிருந்த பட்டறையில் நின்றுகொண்டு அழுதாள். "சத்தியத்தை மீறுனா புள்ளைக்கு அம்மை போட்டுருமுங்க்கா. எனக்கு இருக்கறது அது ஒண்ணுதானுங்க" என்றாள். நான் சட்டம் பேசினேன். அவள் காதில் ஏறவில்லை. ஜமீலாக்கா தறியை நிறுத்தச் சொன்னார். சத்தம் அடங்கியதும் அவள் தோளில் கை வைத்தார்.

"சாமிகிட்ட வாய்தா கெடைக்கும் கண்ணு. மன்னிப்பும் கெடைக்கும். அந்தக் கோர்ட்டுல ரெண்டும் கெடைக்காது. ஊர்ல நீ பேசாம இருந்தா மருவாதின்னு சொல்லுவாங்க. அங்க பேசாம இருந்தா ஒத்துக்கிட்டேன்னு எழுதிக்குவாங்க. உன்ற ஊட்டுக்காரரு காசு வாங்குனாருன்னு நீ ஒத்துக்கறியா?"

பூங்கொடி அழுகையை நிறுத்தினாள். "அவரு ஒத்தைக் காசு வாங்கலீங்க" என்றாள்.

"அதை எழுதோணும். அவ்வளவுதான். இதுல சத்தியத்தை மீற என்ன இருக்குது?"

அவள் முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "எங்க கையெழுத்துப் போடோணுங்க?" என்று கேட்டாள்.

அப்புறமும் சும்மா நடக்கவில்லை. வழக்கை வேறு வக்கீலுக்கு மாற்ற வேண்டுமானால் முதல் வக்கீல் தனக்கு மறுப்பில்லை என்று எழுதிக் கொடுக்க வேண்டும். பெரிய வக்கீல் ஒருநாள் ஊரில் இல்லை, ஒருநாள் முத்திரை இல்லை, ஒருநாள் தலைவலி என்று பூங்கொடியை நடக்க வைத்தார். ஜமீலாக்கா அவருடைய அறைவாசலில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, அவர் மதியச் சாப்பாட்டுக்கு எழுந்திருப்பதற்குள் வாங்கி வந்துவிட்டார். புது வக்காலத்தில் ஜமீலாக்கா பெயரும் என் பெயரும் சேர்ந்து போனது. அதற்குள் தொண்ணூறு நாளும் தாண்டிவிட்டது. நீதிபதி எரிச்சலோடுதான் கேட்டார். நடந்ததை ஜமீலாக்கா ஒளிக்காமல் சொன்னார். நீதிபதி ஒரு தேதியைக் குறித்து, "கடைசி வாய்ப்பு. தவறினால் ஒருதலைப்பட்சம்" என்று எழுதினார்.

அந்தத் தேதிக்கு ஒரு வாரம் முன்னால் ஜமீலாக்காவுக்கு நெஞ்சில் அடைப்பது போல இருந்தது. சேலத்தில் காட்டியபோது டாக்டர் உடனே படுக்கச் சொல்லியிருக்கிறார். இவர், "ஒரு எதிருரை இருக்குதுங்க, அதைப் போட்டுப்போட்டு வந்து படுத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்துவிட்டார். எனக்கு இது அவர் இறந்த பிறகுதான் தெரியும். உங்கள் மேலும் எனக்குக் கோபம்தான் அக்கா. எழுதி முடித்ததை நான் போட்டிருக்க மாட்டேனா? ஊரில் உள்ளவன் தேதிக்கெல்லாம் உயிரை விட்டீர்கள், உங்கள் தேதிக்கு நீங்களே வாய்தா வாங்கிக்கொண்டீர்கள்.

அவர் இறந்த அன்று காலை என்னிடம் சாவி இருந்தது. அறையைத் திறந்தேன். எதிருரை அவர் மேசைமேல் தைத்துத் தயாராக இருந்தது. முந்தின நாள் சாயங்காலம் பூங்கொடி ஒவ்வொரு பக்கமாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தாள். ஜமீலாக்காவும் போட்டிருந்தார். நான் போட வேண்டிய இடம் மட்டும் காலி. நின்றபடியே போட்டேன்.

கோர்ட் வாசலில் சங்கத்தார் நீங்கள் எல்லோரும் நின்றீர்கள். சட்டையில் கறுப்புத் துணி குத்தியிருந்தீர்கள். வழக்குப் போட்டவரின் வக்கீலும் அங்கேதான் நின்றார். அவர் உள்ளே வர வேண்டிய அவசியமே இல்லை. எதிருரைக்கான வாய்தாவில் அவருக்கு வேலை கிடையாது. அவர் வெளியே நின்று துக்கம் காத்தால் போதும், வழக்கு அவர் மடியில் தானாக வந்து விழும். இதை உங்களில் ஒருவர் கூட யோசிக்கவில்லை என்று என்னால் நம்ப முடியவில்லை.

பெரிய வக்கீல் என்னை நிறுத்தினார். "ஏம்மா, உங்கக்கா ஜனாஸா ஊட்டுல கெடக்குது. நீங்க கட்டைத் தூக்கிட்டு உள்ள போறீங்க. பாக்கறவங்க என்ன நெனைப்பாங்க?"

"அவங்க என்ன நெனைப்பாங்கன்னு எனக்குத் தெரியுங்க" என்றேன். "உங்களுக்கும் தெரியும்."

"ஒரு நாள்தானம்மா. ஒண்ணும் ஆகாது. அப்படியே ஆனாலும் ஒரு மனு போட்டா ரத்து பண்ணிரலாம்."

அந்த வார்த்தையை அன்றைக்கு, அந்த இடத்தில், அவர் வாயால் கேட்டதற்கு நான் அவரை அடிக்காமல் விட்டது பெரிய விஷயம். தள்ளிக்கொண்டு உள்ளே போனேன்.

உள்ளே ஒரு கறுப்பு அங்கி கூட இல்லை. கட்சிக்காரர்கள் மட்டும் பெஞ்சுகளில் உட்கார்ந்திருந்தார்கள். விடிகாலையில் பஸ் ஏறி வந்தவர்கள். பூங்கொடி கடைசி பெஞ்சில் மகளோடு இருந்தாள். கையில் ஒரு மாலை, பேப்பரில் சுற்றியது. என்னைப் பார்த்ததும் எழுந்து ஓடி வந்தாள். "அக்கா மொகத்தை ஒருக்கா பாத்துப்போட்டு வந்தறலாங்க. இது கெடக்கட்டுங்க. இப்பப் போயி கோர்ட்டுல நின்னா நல்லாவா இருக்கும்? பெரிய வக்கீலும் அப்படித்தான் சொன்னாருங்க."

அவளைத் திட்டினேன். என்ன திட்டினேன் என்று எழுத முடியாது. மரியாதை மரியாதை என்று சொல்லியே இந்தப் பெண்ணிடமிருந்து எல்லோரும் வீட்டைப் பிடுங்கப் பார்க்கிறார்கள், இவளும் ஒவ்வொரு தடவையும் சரிங்க சரிங்க என்று நீட்டுகிறாள். "உக்காரு" என்றேன். உட்கார்ந்தாள்.

எங்கள் வழக்குக்கு முன்னால் இன்னொரு வழக்கு. அதிலும் கடைசி வாய்ப்பு. எதிர்வாதியின் பெயரை டவாலி மூன்று முறை கூப்பிட்டார். யாரும் வரவில்லை. நீதிபதி குனிந்து எழுதினார். ஒருதலைப்பட்சம். வயதான மனிதர் ஒருவர் கொஞ்ச நேரம் கழித்து மூச்சிரைக்க உள்ளே வந்தார். "இன்னிக்கு ஒண்ணும் நடக்காது, டீ குடிச்சுப்போட்டு ஊருக்குக் கெளம்புங்கன்னு எங்க வக்கீலு சொன்னாருங்க" என்று டவாலியிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அவருடைய வக்கீல் யார் என்று நான் விசாரித்துவிட்டேன். வாசலில் நின்ற உங்களில் ஒருவர்தான். இதைப் படிக்கும்போது அவருக்கே தெரியும்.

நான் போகாமல் இருந்திருந்தாலும் நீதிபதி பூங்கொடியின் வழக்கைத் தள்ளி வைத்திருப்பார் என்று இப்போது சிலர் சொல்கிறீர்கள். அவருடைய வழக்கை ஏன் தள்ளி வைக்கவில்லை என்று அந்த வயதான மனிதரிடம் போய்ச் சொல்லுங்கள்.

பூங்கொடியின் பெயரைக் கூப்பிட்டார்கள். எழுந்து நின்றேன். நீதிபதி நிமிர்ந்து பார்த்தார். "வழக்கறிஞர்கள் இன்று விலகியிருக்கிறார்களே" என்றார். "எதிருரை தாக்கல் செய்கிறேன்" என்றேன். அவர் வாங்கி முதல் பக்கத்தைப் பார்த்தார். கடைசிப் பக்கத்தைத் திருப்பி ஜமீலாக்காவின் கையெழுத்தைப் பார்த்தார். பிறகு பதிவு செய்தார்.

ஆட்டோ பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது ஜனாஸாவை எடுத்துவிட்டார்கள். தெருவில் ஆண்கள் யாரும் இல்லை. எல்லோரும் பின்னால் போய்விட்டார்கள். பெண்கள் வீட்டுக்குள் ஓதிக்கொண்டிருந்தார்கள். ஜமீலாக்காவின் தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்களுக்காகக் கொஞ்ச நேரம் பாத்தாங்க. அதுக்கு மேல வெக்க முடியலை" என்றார். பூங்கொடி மாலையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்து அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. இத்தனை வருடம் மேசைக்கு மேசை எதிராகப் பார்த்த முகம். உங்களில் ஒருவர் உள்ளே வந்திருந்தால் அவரிடம் கட்டைக் கொடுத்துவிட்டு வந்திருப்பேன்; கடைசியாக ஒரு தடவை பார்க்க விடாமல் செய்துவிட்டீர்கள். இதை நான் மன்னிப்பதாக இல்லை.

அடுத்த வாரம் நினைவேந்தல் கூட்டம் நடத்தினீர்கள். பெரிய வக்கீல் ஒலிபெருக்கியைப் பிடித்து, "ஏழை எளியவர்களின் குரலாக ஒலித்தவர்" என்று பேசினார். நான் பின்வரிசையில் எழுந்து வெளியே வந்துவிட்டேன். மறுநாள் எனக்கு ஒரு நோட்டீஸ் வந்தது. சங்கத்தின் தீர்மானத்தை மீறிப் பணி செய்ததற்கு எழுத்துபூர்வமாக விளக்கம் தர வேண்டும், குறித்த நாளுக்குள் தராவிட்டால் சொல்வதற்கு ஒன்றும் இல்லை என்று கருதி நடவடிக்கை எடுக்கப்படும் என்று. கீழே நிர்வாகிகள் எல்லோருடைய கையெழுத்தும் இருந்தது. எவ்வளவு வேகமாக எழுதியிருக்கிறீர்கள். நம்மால் நேரத்துக்கு எழுத முடியும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஜமீலாக்காவின் மேசையை அவர் மகன் என்னிடமே விட்டுவிட்டான். கட்டுகளை எல்லாம் எடுத்துப் பார்த்தேன். எதிருரை பாக்கி என்று ஒன்று கூட இல்லை. எனக்கென்று அவர் முடிக்காமல் விட்டுப்போனது அவருடைய கோபம் ஒன்றுதான். அதை நான் எடுத்துக்கொண்டேன். இனி வராந்தாவில் அந்தச் சத்தம் கேட்கும். ஆள்தான் வேறு.

மலருக்கு நீங்கள் கேட்ட கட்டுரையும் இதுதான், நோட்டீஸுக்கு நீங்கள் கேட்ட விளக்கமும் இதுதான். கெடு முடிய இன்னும் நாள் இருக்கிறது. இன்றைக்கே கையில் கொண்டுவந்து கொடுத்திருக்கிறேன். பெற்றுக்கொண்டதற்கு நகலில் ஒரு கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். தேதியையும் போடுங்கள்.